பதினொரு விநாடி

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கேக்கம்மா வருகிறார், கேமராவை நீதான் பிடிக்க வேண்டும் என்று என் மகள் சொன்னதோடு போன வாரம் நிறுத்தினேன். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். விடுமுறை நாட்களில் வீட்டில் உட்கார்ந்து வீடியோ போடுவார். கேமரா, டார்ச், இயர்போன், மிக்ஸி, எது மக்கர் பண்ணினாலும் வீட்டில் கிடக்கிற பொருளை வைத்தே சமாளிக்க வழி சொல்வார். தலை மழுங்கிய திருகாணியின் மேல் ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்புவது, குளிக்கும்போது தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியை விளக்குக்கு மாட்டி வெளிச்சத்தை மிருதுவாக்குவது, கேமரா ஆடாமல் இருக்க அரிசிப் பையில் உட்கார வைப்பது, இப்படி. எதை எடுத்தாலும் எங்காவது ஓரிடத்தில் டேப் வந்துவிடும். பார்க்கிறவர்கள் 'டேப் மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் என் வேலை. நூலகத்தில் அட்டவணை எழுதுகிற எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் ஒரே மகள். அவளை அவர் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்.

பழைய கேமராவைத் திறந்து, மரத்தின் இலையெல்லாம் வெள்ளையாகத் தெரிகிற மாதிரி மாற்றுவது எப்படி என்று ஒரு வீடியோ போட்டோம். அதைப் பார்த்துச் செய்த ஒரு பெண்மணிக்கு ஷாக் அடித்தது. உதறின கை கண்ணாடி அலமாரியில் மோதி, வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பு அறுந்துபோயிற்று. பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிறவர். அவரைத்தான் வீட்டில் கேக்கம்மா என்போம்.

'எச்சரிக்கை சொல்ல மறந்துவிட்டேன், தவறு என்னுடையதுதான்' என்று என் கணவர் வீடியோவுக்குக் கீழே எழுதினார். அவருடைய அக்கா, என் நாத்தனார், அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினார். எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஹார்டுவேர் கடைக்குப் போன என் கணவர், கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்திருக்கவில்லை. அது நடந்து மூன்று மாதமாகிறது.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எட்டு வாரமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். அவர் மறக்கவில்லை.

*

அந்த வீடியோ எடுத்து முடித்தபோது எழுபத்தொரு விநாடி வந்தது. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது வாலுவின் சட்டம். பதினொரு விநாடியை எங்கே எடுப்பது என்று தேடினேன். இரண்டே இடம்தான் இருந்தது.

ஆரம்பத்தில், விரலில் ஒட்டின டேப்பை உரிக்கப்போய் அது மறு கையில் ஒட்டிக்கொள்ள, அதை உரிக்கப்போய் மூக்கில் ஒட்டிக்கொள்ள, அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அது ஒன்று. நடுவில், குனிந்தபடி, லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிற அறிவிப்பை வாசிக்கிற குரலில் எச்சரிக்கை சொல்வார். அது இன்னொன்று.

சிரிப்பை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

பேட்டரியைக் கழற்றச் சொல்லியாயிற்றே, போதாதா என்று நினைத்துக்கொண்டேன். இதைப் பார்த்துவிட்டு யார் கேமராவைத் திறக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். அன்று மாலை எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதென்று அவர் ஓடிவிட்டார். நீயே போட்டுடு என்று ஃபோனில் சொன்னார். போட்டுவிட்டேன். தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்படுகிறவர். போட்ட பிறகு எந்த வீடியோவையும் அவர் பார்த்ததில்லை.

கேக்கம்மாவின் செய்தி வந்த அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. சமையலறை வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் அதைச் சொல்லலையா? சொன்ன மாதிரிதானே இருக்கு" என்றார்.

"எனக்கும் ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

மாலை சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் அவர் மன்னிப்பை எழுதிப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? வாரம் மாதமாயிற்று. மாத்திரை டப்பாவின் மூடியில் கிழமைகளை எழுதி ஒட்டினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து அடுப்பை அணைத்தோமா என்று கேட்டார். லிஃப்டின் கம்பி வடம் பார்க்கிற வேலையை விட்டு, கதவும் பொத்தானும் மட்டும் பார்க்கிறேன் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். என் ஞாபகத்தை நம்பி யாரும் உயிரை விடக் கூடாது என்று எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று இரவு உணவுக்கு நான் எதையோ பரிமாறினேன். என்ன என்று ஞாபகமில்லை. இது நிஜமாகவே ஞாபகமில்லை.

*

ஞாயிறு காலை வாலு ஏழு மணிக்கே எழுந்து முன்னறையை மாற்றிவைத்தாள். ஜன்னலில் டிரேசிங் தாள் ஒட்டினாள். விளக்குக்குத் தொப்பி மாட்டினாள். எல்லாம் அப்பாவின் வழி. கேமராவை உட்கார வைக்க அரிசிப் பையைத் தட்டிச் சரிசெய்தபோது தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். அதுவும் அவருடையதுதான்.

பேசப் போவதைத் தாளில் எழுதி வைத்திருந்தாள். 'என் அப்பாவின் மறதிக்காக அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்' என்று ஆரம்பித்தது. பிழை இருந்தால் பார்த்துக் கொடு என்றாள். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

அவளுக்கு இதில் இரண்டு ஆசை. ஒன்று, அப்பா நோட்டில் எழுதி வைத்த யோசனைகளில் மீதி இருக்கிறதையெல்லாம் படம் எடுத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் பழைய கறை போக வேண்டும். இன்னொன்று, அத்தை மறுபடி இந்த வீட்டுக்கு வந்துபோக வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி அத்தையையும் வரவழைத்திருந்தாள்.

நாத்தனார் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். சாட்சி இருமினால் இருமினார் என்று அடிக்கிற வேலை. கதவோரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முறை வருகிறதற்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்தார். விளக்கைப் பார்த்தார்.

"ஏன்டி, அதுக்குக் குளிருதா?"

வாலு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டு முடித்துவிட்டு, அப்படியே உங்கப்பன் புத்தி என்றார். அது வசவா பாராட்டா என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

*

கேக்கம்மா சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் "அண்ணி" என்றார். நான் திகைத்ததைப் பார்த்து, அவரை அண்ணன்னு கூப்பிட்டுப் பழகிட்டேன், நீங்க அண்ணிதானே என்று விளக்கமும் சொன்னார்.

அப்போதுதான் தெரிந்தது. ஞாயிறுதோறும் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் கணவர் மொட்டைமாடிக்குப் போனதெல்லாம் இந்த அம்மாவுக்கு ஃபோன் செய்யத்தான். முதல் மாதம் முழுக்க அவரைத் திட்டிவிட்டு ஃபோனை வைத்துவிடுவாராம். மறு வாரமும் மணி அடிக்குமாம். வாங்கிக் கட்டிக்கொள்ளவே ஒரு மனுஷன் கூப்பிடுகிறானே என்று ஒரு நாள் சிரிப்பு வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. கிரீம் பையை எப்படிப் பிடிப்பீர்கள், எந்த விரல் அழுத்தும், எந்த விரல் தாங்கும் என்றெல்லாம் கேட்பாராம்.

கேக்கம்மா பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்து, உள்ளே இருந்ததை மேஜைமேல் வைத்தார். குளியலறை ஓடுகளின் இடுக்கை அடைக்கப் பசை பிதுக்குகிற துப்பாக்கி இருக்குமே, அது. பசைக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் கிரீம் பை உட்காரும்படி அகலமான குழாய். விசைக்குப் பதிலாக சைக்கிள் பிரேக் கைப்பிடி. விரல் மடங்க வேண்டியதில்லை, உள்ளங்கையால் அழுத்தினால் போதும். பிடியில் மூன்று சுற்று டேப்.

"மூணாவது தடவை செஞ்சு கொடுத்தது இது. ரோஜா கூட வந்துடுது அண்ணி. ஸ்பிரிங்தான் ரொம்ப விறைப்பு. பத்து பூ போட்டா மணிக்கட்டு வலிக்குது. வேற ஸ்பிரிங் வாங்கி மாத்தித் தரேன்னு சொன்னார். அடுத்த வாரம் ஃபோன் வரலை."

மன்னிப்புக் கேட்க நாங்கள் கூப்பிட்டிருந்தோம். அவர் வந்தது இதை யாராவது முடித்துக் கொடுப்பார்களா என்று கேட்க.

வாலு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் என் கணவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பொருட்களோடு மூன்று ஸ்பிரிங் வந்திருந்தது. எதற்கென்று புரியாமல் அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்து வந்தாள். முதலாவது தொளதொளவென்று கிடந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. கேக்கம்மா வெறும் காற்றில் நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தார்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறந்தது தப்புதான், ஆனால் அதற்கப்புறம் செய்ததெல்லாம் சரியாகச் செய்திருக்கிறான் என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். பதினொரு மாதத்தில் தம்பியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

நான் எழுந்து கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

*

வாலு நன்றாகவே வாசித்தாள். ஒரே ஓர் இடத்தில் குரல் தடுக்கியது. முடித்ததும் கேக்கம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவர் கேமராவைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மனுஷன்னா மறதி இருக்கும். அவர் மறந்ததை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

"அவர் மறக்கலை" என்றேன்.

என் குரல் கேமராவில் பதிவாகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வாலு கையைக் காட்டினாள், பேசாதே என்று. நான் நிறுத்தவில்லை. எழுபத்தொரு விநாடி, அறுபது விநாடி, டேப், மூக்கு, சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டினது நான், அவருக்குத் தெரியாது, கேட்டபோதும் நான் சொல்லவில்லை என்றேன். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் பேசினது நாத்தனார்.

"என்ன சொல்லியிருந்தான் அதுல? வார்த்தை வார்த்தையா சொல்லு."

மூலப் பதிவை நான் அழிக்கவில்லை. அழிக்கக் கை வரவில்லை. நூலகத்துக்கு எடுத்துப்போய், இயர்போனை மாட்டிக்கொண்டு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதனால் தடுமாறாமல் சொன்னேன்.

"பேட்டரியைக் கழட்டியாச்சு, கரண்ட் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. இந்தக் கருப்பு உருளை ஃபிளாஷுக்காக மின்சாரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். தொட்டா தூக்கி அடிக்கும். விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து அதை இறக்கின அப்புறம்தான் கை வைக்கணும். அவசரப்படாதீங்க, எனக்காக."

நாத்தனாரின் விரல்கள் கைப்பையின் மேல் லேசாக அசைந்தன. தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

கேக்கம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். இதைக் கேட்டிருந்தால் நிச்சயம் தொட்டிருக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் தொட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை.

வாலு இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"மாத்திரை டப்பாவுல அப்பா கிழமை எழுதி ஒட்டினாரே. அதையும் பாத்துட்டுத்தானே இருந்தே?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"வடம் பாக்குற வேலைய விட்டாரே."

"ஆமாம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்கு மேல் மடங்கவில்லை.

*

கேக்கம்மா துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டே, ஒன்று கேட்கலாமா என்றார். அவர் கடைசியாகப் பேசின ஞாயிற்றுக்கிழமை விசித்திரமாக ஏதோ சொன்னாராம்.

"முதல் தடவையா அந்த வீடியோவைப் பாத்தேன்னார். ஸ்க்ரூடிரைவர் என் கையில இருக்கு, கண்ணை இமைக்கிறதுக்குள்ள மேஜைமேல இருக்கு, நீங்க கவனிச்சீங்களான்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் அவரே சிரிச்சுட்டு, ஒண்ணுமில்லம்மா, என் மண்டை நல்லாத்தான் இருக்கு, நானா வீணாக் கவலைப்பட்டுட்டேன்னார்."

வாலு ஃபோனை எடுத்தாள். நாலு பேரும் குனிந்து பார்த்தோம். டேப் மூக்கில் ஒட்டியது, அவர் சிரித்தார். மூடியைத் திறந்தார். ஸ்க்ரூடிரைவர் வலது கையில் இருந்தது. அடுத்த கணம் மேஜைமேல் இருந்தது. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அத்தனை தடவை வெட்டின பகுதியையே கேட்டுக்கொண்டிருந்த நான், வெட்டின இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் ஆறு நாள். அந்த ஆறு நாளை நான் இப்போது ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறேன். மாத்திரை டப்பாவில் ஒட்டியிருந்த தாள் அந்த வாரம் காணாமல் போயிருந்தது. பசை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்தவரின் சட்டையில் கம்பி வடத்து எண்ணெய்க் கறை இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காமல் ஊறப் போட்டேன். என்னிடம் எப்போதும் போலத்தான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தாரா, சொல்லவே வேண்டாம் என்று விட்டுவிட்டாரா?

கேக்கம்மா கிளம்பினார். வாலு அவரை வழியனுப்பக் கீழே போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, இரண்டு பேருமே.

நாத்தனார் எழுந்து நின்றார். ஏதாவது வசவு வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கைப்பையைத் திறந்து தன் ஃபோனை எடுத்தார். வெகுநேரம் எதையோ தேடினார். கண்டுபிடித்ததும் திரையை என் பக்கம் திருப்பினார்.

தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜ். செவ்வாய்க்கிழமை தேதி. அவர் போவதற்கு நாலு நாள் முன்னால். பக்கத்தில், இன்னும் கேட்கவில்லை என்று காட்டுகிற நீலப் புள்ளி.

"வந்தப்போ கோவம், திறக்கலை. அப்புறம் திறக்கத் தைரியம் வரலை" என்றார். "மூணு மாசமா இதைப் பையில வச்சுக்கிட்டுத் திரியறேன்."

நான் கை நீட்டவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வரேன். ரெண்டு பேருமா உக்காந்து கேப்போம். உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத."

"சரிக்கா" என்றேன்.

லிஃப்ட் எங்கள் மாடியிலேயே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அவர் அதைப் பார்த்தார், ஏறவில்லை. படியில் இறங்கிப் போனார். நாலு மாடி. செருப்புச் சத்தம் அடிவரைக்கும் கேட்டது.